கொழும்புக் காற்றில் கந்தகம்: அளக்கும் கருவி தவறினால் எங்கே பார்ப்பது

கொழும்பில் கந்தகவீரொட்சைட்டை (SO₂, கந்தகம் உள்ள எரிபொருள் எரியும்போது வரும் வாயு; கீழே சுருக்கமாகக் 'கந்தகம்' என்றும் சொல்வேன்) அளக்கும் கருவிகளைப் பல வருடங்களாகத் திறந்து மூடிக்கொண்டிருக்கிறேன். கொட்டாஞ்சேனையில் ஒரு பாடசாலைக் கூரை, புறக்கோட்டையில் ஒரு கடை மாடி, வெள்ளவத்தையில் கால்வாயோரம் ஒரு வீடு என்று இடங்கள் மாறும், பிழைகள் மாறுவதில்லை. ஒவ்வொருவருக்கும் போனில் சொன்னதையெல்லாம் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

இரண்டு வகைக் கருவிகளைப் பற்றிப் பேசப்போகிறேன். ஒன்று, ஏசி போட்ட சிறு அறைக்குள் இருக்கும் புற ஊதா அனலைசர்; உள்ளே உள்ள விளக்கின் ஒளியில் வாயு மினுங்குவதை அது அளக்கும். இதைப் 'பெரிய கருவி' என்கிறேன். மற்றது, வாயு பட்டால் சிறு மின்னோட்டம் தரும் மின்னிரசாயன செல் வைத்துச் சுவரில் மாட்டும் சென்சர் பெட்டி. அதைச் 'சிறு பெட்டி' என்கிறேன்.

எண் ஏறினால் எல்லோரும் கூப்பிடுகிறார்கள். எண் இறங்கினால் ஒருவரும் கூப்பிடுவதில்லை, காற்று நன்றாக இருக்கிறது என்று சந்தோஷப்பட்டுக்கொள்கிறார்கள். எனக்குப் பயம் தருவது இரண்டாவதுதான். ஆஸ்துமா உள்ள பிள்ளை ஓடி விளையாடும்போது இந்த வாயு சில நிமிடங்களிலேயே மூச்சுக்குழலை இறுக்கிவிடும். அந்த நேரத்தில் கருவி 'ஒன்றுமில்லை' என்று காட்டினால், கருவியே இல்லாததைவிட அது மோசம். அதனால்தான் பூச்சியத்திலிருந்து தொடங்குகிறேன்.

## எதையும் தொடுமுன்

திரையில் உள்ள எண், காற்றோட்ட அளவு, அறை வெப்பநிலை, இந்த மூன்றையும் போனில் படம் எடுங்கள். "ஒருக்கா ஓஃப் பண்ணி ஓன் பண்ணிப் பார்த்தன்" என்று சொல்லும்போதே பாதித் தடயம் போய்விட்டது. அளவுத்திருத்த எண்களை (அளவு தெரிந்த வாயுவைக் கொடுத்துக் கருவியைச் சரிசெய்யும் எண்கள்) மாற்றுவது கடைசி வேலை. காரணம் தெரியாமல் அவற்றைத் திருத்தினால் பிழை மறைந்துகொள்ளும், போகாது.

கையில் வைத்திருக்க வேண்டிய அளவுகள் சில. 25 பாகை செல்சியஸில் 1 பிபிபி (ppb, நூறு கோடியில் ஒரு பங்கு) என்பது கன மீற்றருக்கு 2.62 மைக்ரோகிராம். 2008ஆம் ஆண்டு வர்த்தமானிப்படி இலங்கையின் எல்லை 1 மணிநேரச் சராசரிக்கு 200, 8 மணிநேரத்துக்கு 120, 24 மணிநேரத்துக்கு 80 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் 2021இல் சொன்ன அளவு 24 மணிநேரத்துக்கு 40, 10 நிமிடத்துக்கு 500. அந்தப் 10 நிமிடக் கணக்கைக் கீழே மறுபடி எடுப்பேன்.

## அறிகுறி 1: எண் நாள் முழுவதும் பூச்சியத்தோடு ஒட்டிக் கிடக்கிறது

ஒரு பக்கம் துறைமுகம், ஒரு பக்கம் டீசல் பஸ், அப்புறம் கடைகளின் ஜெனரேட்டர். கோட்டை, புறக்கோட்டை, கொட்டாஞ்சேனைப் பக்கம் எண் கொஞ்சமாவது ஏறி இறங்க வேண்டும். ஒரு கோடு போட்டதுபோல் கிடந்தால் காற்று கருவிக்குள் போகவில்லை, அல்லது போகும் வழியில் கந்தகம் தொலைந்துபோகிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

செலவில்லாமல் பார்க்கக்கூடியவை

கருவி இன்னும் 'பூச்சிய' நிலையிலேயே இருக்கிறதா? அளவுத்திருத்தம் முடித்தவர் அதைத் திரும்ப மாற்ற மறந்திருப்பார். அப்படியானால் கரியில் வடித்த சுத்தக் காற்றையே அது அளந்துகொண்டிருக்கும். திரையின் மேல் வரியைப் பாருங்கள்.

அடுத்தது, வெளியே காற்றெடுக்கும் வாய். குளவி மண்கூடு கட்டியிருக்கிறதா, மழைமூடி கழன்று விழுந்திருக்கிறதா என்று ஏணி வைத்து ஏறிப் பாருங்கள். கீழே நின்று பார்த்தால் தெரியாது.

மூன்றாவது, குழாய் உள்ளே கழன்றிருக்கலாம். அப்போது கருவி ஏசி அறையின் காற்றைக் குடித்துக்கொண்டிருக்கும். ஒருவர் வெளியே காற்று வாயை விரலால் அடைக்க, மற்றவர் உள்ளே காற்றோட்ட எண்ணைப் பார்க்க வேண்டும். எண் பூச்சியத்துக்கு அருகில் விழ வேண்டும். விழாவிட்டால் நடுவில் எங்கோ ஒழுக்கு. ஒரு நிமிடத்துக்கு மேல் அடைத்து வைக்காதீர்கள், பம்பு சிரமப்படும்.

பில்டர்

டெஃப்லான் பில்டர் கறுத்துப்போயிருந்தால், படிந்த தூசியும் கரியுமே கந்தகத்தை உறிஞ்சிவிடும். புறக்கோட்டையில் வாரம் ஒன்று, மற்ற இடங்களில் இரண்டு வாரத்துக்கு ஒன்று என்று மாற்றுகிறேன். விரலால் தொட வேண்டாம், இடுக்கியால் பிடியுங்கள். காகித பில்டர் கிடைக்கிறதே என்று அதைப் போட்டுவிடாதீர்கள்.

குழாய்க்குள் தண்ணீர்

கொழும்பில் நான் அதிகம் கண்ட காரணம் இதுதான். வெளிநாட்டுக் கையேடுகள் இதை ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போகின்றன. நமக்கு அந்த ஒரு வரி போதாது.

ஒரு சித்திரை மாதம், பாடசாலைக் கூரையில் இருந்த கருவியைப் பார்க்கப் போனேன். படி ஏறும்போதே வாச்சர் ஐயா சொன்னார்: "தம்பி, உங்கட அறைக்குள்ள எங்கயோ தண்ணி சொட்டுது, நான் வாளி வைச்சிருக்கிறன்." ஏசியிலிருந்து சொட்டுவதாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு கதவைத் திறந்தேன். வாளி ஏசிக்குக் கீழே இல்லை, காற்றுக் குழாய்க்குக் கீழே இருந்தது. அந்த வெள்ளைக் குழாயின் வெளிப்புறம் முழுக்க வியர்த்திருந்தது. டோர்ச் அடித்துப் பார்த்தேன். குழாய் வளைந்து தாழும் இடத்தில், உள்ளே, சுண்டுவிரல் நக அளவு தண்ணீர் தேங்கி நின்றது. பம்பு இழுக்க இழுக்க அது நடுங்கிக்கொண்டிருந்தது. அந்தத் தண்ணீரைக் கடந்துதான் அத்தனை காற்றும் போக வேண்டியிருந்தது. கந்தகவீரொட்சைட்டு தண்ணீரில் சுகமாகக் கரையும். கருவியில் ஒரு குறையும் இல்லை, அதற்குக் கிடைத்தது கழுவிய காற்று.

ஏசி 20 பாகையில் ஓடிக்கொண்டிருந்தது. சித்திரை, வைகாசியில் கொழும்புக் காற்றின் பனிநிலை 24, 25 பாகை வரை போகும். அதற்குக் கீழே குளிர்ந்த எந்தக் குழாயிலும் தண்ணீர் கோர்க்கும். போதாக்குறைக்கு ஏசியின் காற்று நேராக அந்தக் குழாய்மேல் அடித்துக்கொண்டிருந்தது. முந்திய மூன்று மாத அளவீடுகளையும் நாங்கள் ஒதுக்கி வைத்தோம். அந்த மூன்று மாதமும் அந்தப் பாடசாலைப் பெற்றோருக்குக் 'காற்று நல்லது' என்று சொல்லியிருந்தோம். அது இன்னும் என் மனதை உறுத்துகிறது.

செய்ய வேண்டியது இவ்வளவுதான்: ஏசியை 26 அல்லது 27 பாகையில் வையுங்கள். கருவி அதைத் தாங்கும். மாறாமல் இருப்பதுதான் முக்கியம், குளிராக இருப்பது இல்லை. அறைக்குள் வரும் குழாயைப் பஞ்சுறையால் சுற்றுங்கள், முடிந்தால் சூடேற்றும் பட்டியும் சுற்றுங்கள். ஏசியின் வாயைத் திருப்பிவிடுங்கள். குழாய் எங்கும் தொட்டில்போல் தாழ்ந்து தொங்கக் கூடாது. தண்ணீர் பட்ட குழாயைத் துடைத்து மறுபடி பூட்டாதீர்கள், புதியது போடுங்கள்.

குழாயின் பொருள்

டெஃப்லான் குழாய் உடைந்த அன்று கையில் கிடைத்த மீன்தொட்டிக் குழாயை யாராவது பூட்டியிருப்பார்கள். இறப்பர், பிவிசி, செப்பு எல்லாம் இந்த வாயுவைத் தின்னும். அரை அடித் துண்டாக இருந்தாலும் கழற்றி எறியுங்கள்.

வழி பிரியும் சோதனை

இதுவரை பிழை கிடைக்கவில்லையா? சிலிண்டர் வாயுவை (அளவு முன்பே தெரிந்த கந்தகவீரொட்சைட்டு) முதலில் கருவியின் பின்பக்க வாயில் நேராகக் கொடுங்கள். பிறகு அதே வாயுவை வெளியே கூரையில் உள்ள காற்று வாயிலிருந்து, குழாயும் பில்டரும் கடந்து வரும்படி கொடுங்கள்.

பின்பக்கம் சரி, கூரையிலிருந்து குறைவு என்றால் பிழை குழாயில். மேலே சொன்னவற்றை மறுபடி பாருங்கள்.

இரண்டிலும் குறைவு என்றால் பிழை கருவிக்குள். விளக்கின் செறிவு எண்ணைக் கையேட்டோடு ஒப்பிடுங்கள். விளக்கு மங்கியிருந்தால் மாற்ற வேண்டும். இங்கேதான் தொழில்முறை ஆளைக் கூப்பிட வேண்டும். அந்தப் பெட்டிக்குள் உயர் மின்னழுத்தம் இருக்கிறது, ஒளி உணரும் குழலில் பகல் வெளிச்சம் பட்டால் அதுவும் கெட்டுவிடும், புற ஊதா ஒளி கண்ணுக்கும் ஆகாது. நானே அதை மேசையில் வைத்துத்தான் திறப்பேன், கூரையில் வைத்துத் திறப்பதில்லை.

சிலிண்டர் பற்றி ஒரு வார்த்தை. ரெகுலேற்றர் துருவேறா உருக்காக இருக்க வேண்டும், பித்தளை உதவாது. பூட்டியவுடன் வாயுவை நிரப்பி வெளியேற்றுவதை ஐந்தாறு தடவை செய்யுங்கள். அப்புறம் எண் நிலைகொள்ள அரை மணிநேரம் பொறுங்கள். ஐந்தே நிமிடத்தில் 'குறைவாகக் காட்டுகிறது' என்று முடிவெடுத்து, நல்ல கருவியைக் கெடுத்தவர்களைக் கண்டிருக்கிறேன். சான்றிதழின் காலாவதித் திகதியையும் பாருங்கள். வெளியேறும் வாயு குழாய் வழியாக அறைக்கு வெளியே போக வேண்டும்.

காற்று வாயருகே தீக்குச்சி உரசிப் பார்ப்பவர்களும் உண்டு. கருவிக்கு உயிர் இருக்கிறதா என்று அது சொல்லும், எண் சரியா என்று சொல்லாது. கூடவே கரியும் உள்ளே போகும். நான் செய்வதில்லை.

## அறிகுறி 2: மாதக்கணக்கில் மெல்ல மெல்ல இறங்குகிறது

ஒரே நாளில் விழுந்தால் குழாய், மெல்ல இறங்கினால் விளக்கு அல்லது பில்டர். பில்டரை மாற்றியதும் எண் ஏறுகிறதா என்று பாருங்கள். ஏறினால் மாற்றும் இடைவெளியைக் குறையுங்கள். ஏறாவிட்டால் சிலிண்டர் வாயுவுக்குக் கருவி காட்டிய எண்ணை மாதாமாதம் கொப்பியில் எழுதியிருப்பீர்கள்தானே, அந்தப் பக்கங்களை வரிசையாகப் பாருங்கள். அதுவும் சேர்ந்து இறங்கியிருந்தால் விளக்கு.

சிறு பெட்டியானால் செல்லின் வயதைப் பாருங்கள். ஏறக்குறைய இரண்டு வருடம்தான் அதன் ஆயுள். நமது ஈரத்தில் அதற்கு முன்பே தளர்ந்துவிடும். உள்ளே இருக்கும் அமிலம் ஈரத்தைக் குடித்து ஊதும், சில நேரம் ஒழுகும். செல்லின் அடியில் வெள்ளையாகப் படிவு கண்டால் வெறுங்கையால் தொட வேண்டாம், அது கசிந்த கந்தக அமிலத்தின் தடம். புதிய செல் வாங்குவதைத் தவிர வேறு வழியில்லை.

ஒரு சந்தேகம் நியாயமானது: காற்றே உண்மையில் சுத்தமாகியிருக்கலாமே? ஆகலாம். 2020 ஜனவரி 1 முதல் கப்பல் எரிபொருளில் கந்தகத்தின் உச்ச அளவு 3.5 வீதத்திலிருந்து 0.5 வீதமாகக் குறைந்தது. ஆனால் காற்றின் மாற்றம் சிலிண்டர் வாயுவின் எண்ணைக் குறைக்காது. கொப்பியில் சிலிண்டர் எண் நிலையாக நின்று, வெளிக்காற்று எண் மட்டும் இறங்கியிருந்தால் நம்புங்கள்.

## அறிகுறி 3: பூச்சியத்துக்குக் கீழே போகிறது

பெரிய கருவியில்: −1, −2 பிபிபி வந்து போவது இயல்பு. நாள் முழுக்க −5 என்று நின்றால் பூச்சியக் காற்று கெட்டிருக்கிறது. கரிக் குழாய் நிறைந்துவிட்டால் 'சுத்தக் காற்று' சுத்தமாக இராது, கருவி அதைப் பூச்சியம் என்று பழகிக்கொள்ளும். கரியை மாற்றி, பூச்சியத்தை மறுபடி வையுங்கள். சிரட்டைக் கரியில் செய்த தரமான செயலூட்டிய கரி நம் நாட்டிலேயே உற்பத்தியாகி வெளிநாட்டுக்கும் போகிறது, இதற்காகப் பொதி வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அடுப்புக்கரி உதவாது.

சிறு பெட்டியில்: பஸ் நிலையத்தை ஒட்டி வைத்திருக்கிறீர்களா? டீசல் புகையின் நைதரசனீரொட்சைட்டு இந்த செல்லில் எதிர்த்திசையில் மின்னோட்டம் தரும். காலை ஏழரைக்கும் மாலை ஐந்தரைக்கும், நெரிசல் உச்சத்தில் இருக்கும்போது, கந்தக எண் கீழே மூழ்கினால் காரணம் இதுதான். ஓசோனும் இப்படிச் செய்யும். பக்கத்தில் நைதரசனீரொட்சைட்டு செல் இருந்தால் கணக்கில் திருத்தலாம். இல்லாவிட்டால் பெட்டியைத் தெருவிலிருந்து தள்ளி வைப்பதே வழி. கழித்தல் எண்களை அழித்துப் பூச்சியம் என்று எழுதாதீர்கள். அப்படிச் செய்தால் சராசரி பொய்யாக ஏறும், தடயமும் போய்விடும்.

## அறிகுறி 4: திடீரென்று ஊசிபோல் ஏறி இறங்குகிறது

முதலில் கேட்க வேண்டியது: அந்த நேரத்தில் சுற்றுவட்டாரத்தில் என்ன நடந்தது?

டெங்குப் புகை அடித்தார்களா? ஒரு நாள் மாலை பெரிய கருவி ஒன்று உச்சத்துக்குப் போய் இருபது நிமிடம் இறங்கவேயில்லை. பாடசாலை அதிபர் பதறிப்போய்க் கூப்பிட்டார். போய்ப் பார்த்தால் கூரையெல்லாம் டீசல் வாசம், கீழ் ஒழுங்கையில் புகை இன்னும் மிதந்துகொண்டிருந்தது. நுளம்பு மருந்தை டீசலில் கலந்துதான் அடிக்கிறார்கள். டீசலில் உள்ள சில ஐதரோகாபன்கள் புற ஊதா ஒளியில் கந்தகவீரொட்சைட்டைப் போலவே மினுங்கும். கருவிக்குள் இவற்றை வடிக்கும் பகுதி உண்டு, ஆனால் அவ்வளவு புகையை ஒரே தடவையில் அதனால் சமாளிக்க முடியாது. அந்த நேரத்தைக் குறித்து, அளவீட்டை அடையாளமிட்டு ஒதுக்குங்கள். சுகாதாரப் பரிசோதகரிடம் அடுத்த தடவை எப்போது என்று கேட்டு வைத்தால், அதற்கு முன் கருவியைச் சுத்தக் காற்றுக்கு மாற்றிவிடலாம்.

அறைக்குள் பூச்சி உருண்டை? கரப்பான் வராமல் இருக்க அலுமாரிக்குள் யாரோ போட்டிருப்பார்கள். நப்தலீனும் அதே மினுங்கலைத் தரும். அறையை மோந்து பார்த்தாலே தெரிந்துவிடும். எடுத்து எறிந்துவிட்டு, இரண்டு நாள் காற்றோட்டம் விடுங்கள்.

மழை தொடங்கியதா? இது சிறு பெட்டிக்கு. ஈரப்பதம் சட்டென்று மாறினால் செல் துள்ளும். ஈரப்பதக் கோட்டையும் கந்தகக் கோட்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வையுங்கள். இரண்டும் ஒரே நிமிடத்தில் குதித்தால் அது மழை, கந்தகம் இல்லை.

பட்டாசு வெடித்தார்களா? தீபாவளி, சித்திரைப் புத்தாண்டு, ஜனவரி முதலாம் திகதி நள்ளிரவு. பட்டாசு மருந்தில் கந்தகம் இருக்கிறது. இந்த ஏற்றம் உண்மையானது, ஒதுக்க வேண்டாம்.

மேலே உள்ள எதுவும் இல்லையென்றால் காற்றுத் திசையைப் பாருங்கள். கொட்டாஞ்சேனையில் மேற்குக் காற்றோடு ஏறினால் துறைமுகத்தை நினையுங்கள். தென்மேற்குப் பருவம் வீசும் வைகாசி முதல் புரட்டாதி வரை இது அடிக்கடி வரும். வாயுக் கழுவி (புகையிலிருந்து கந்தகத்தை நீக்கும் கருவி) பூட்டிய கப்பல்கள் இன்னும் அதிகக் கந்தக எண்ணெயை எரிக்க அனுமதி உண்டு, ஆகவே 2020க்குப் பிறகு கப்பலை மறந்துவிட முடியாது. கிழக்குப் பக்கக் காற்றென்றால் களனிதிஸ்ஸ மின்நிலையமும், அதற்கு அப்பால் சப்புகஸ்கந்தவின் சுத்திகரிப்பு நிலையமும் மின்நிலையமும் அந்த வழியில்தான். பக்கத்திலிருந்து வருவது கூர்மையாக ஏறி இறங்கும், தூரத்திலிருந்து வருவது அகலமாகப் பரவித் தெரியும். இது ஒரு ஊகத்துக்கு உதவும். பெயர் சொல்லிக் குற்றம் சாட்ட இது மட்டும் போதாது. பல நாள் காற்றுத் திசையோடு சேர்த்துப் பார்த்த பிறகே வாயைத் திறக்க வேண்டும்.

## அறிகுறி 5: ஆட்கள் இருமுகிறார்கள், கருவி அமைதியாக இருக்கிறது

கருவியை நம்பி ஆட்களைச் சந்தேகிக்காதீர்கள். முதலில் எப்படிப்பட்ட வாசம் என்று கேளுங்கள்.

அழுகிய முட்டை நாற்றம் என்றால் அது ஐதரசன் சல்பைட்டு. கால்வாய், சாக்கடை, பேரை வாவிப் பக்கம். பெரிய கருவி அதைக் காட்டாது, காட்டவும் கூடாது. சிறு பெட்டியில் அதைத் தடுக்கும் வடிகட்டி தேய்ந்துபோயிருந்தால் கந்தகவீரொட்சைட்டு என்று தப்பாகக் காட்டும். வெள்ளவத்தைக் கால்வாயோரப் பெட்டி ஒன்று மாதக்கணக்கில் இப்படித்தான் எங்களை அலைக்கழித்தது. நாற்றத்துக்கு மாநகர சபையிடம் போங்கள், ஆனால் கருவியின் எண்ணை ஆதாரமாகக் கொண்டுபோகாதீர்கள்.

தீக்குச்சி உரசியவுடன் மூக்கைக் குத்தும் வாசம் என்றால் கவனம். இந்த வாயு மூக்குக்குத் தெரிகிற அளவுக்கு வந்துவிட்டால் அது நமது 1 மணிநேர எல்லையைத் தாண்டிய அளவு. மணிநேர அட்டவணையை மூடிவிட்டு நிமிட அளவீடுகளைத் திறங்கள்.

ஏன் என்றால், 10 நிமிடம் காற்றில் 500 மைக்ரோகிராம் இருந்து, மிச்சம் 50 நிமிடமும் 20 இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். மணிநேரச் சராசரி 100தான். இலங்கை எல்லை 200. அட்டவணையில் பச்சை நிறம். ஆனால் அந்தப் பத்து நிமிடத்தில் மைதானத்தில் ஓடிக்கொண்டிருந்த பிள்ளைக்கு மூச்சு இரைத்தது உண்மை. உலக சுகாதார நிறுவனம் 10 நிமிட அளவு ஒன்றைத் தனியாக வைத்திருப்பதே இதற்காகத்தான். தரவுப் பதிவுக் கருவி மணிநேரச் சராசரியை மட்டும் சேமித்தால் அதை மாற்றுங்கள். ஒரு நிமிட அளவீட்டைச் சேமிக்கச் சொல்லுங்கள், இதற்கு ஒரு சதமும் செலவில்லை. இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் செய்ய நேரம் இருந்தால் இதைச் செய்யுங்கள்.

நிமிட அளவீட்டிலும் ஒன்றும் இல்லையா? கருவி இருக்கும் இடத்தைப் பாருங்கள். மதிலுக்குப் பின்னால், மரத்துக்குள், தண்ணீர்த் தாங்கியின் மறைவில் வைத்த காற்று வாய் எதையும் பிடிக்காது. சுற்றிவரக் காற்று தாராளமாக வர வேண்டும். அங்கேயும் குறையில்லை என்றால் அறிகுறி 1க்குத் திரும்பி, கூரையிலிருந்து சிலிண்டர் வாயு கொடுக்கும் சோதனையைச் செய்யுங்கள்.

யாருக்காவது மூச்சு இழுத்தால் கருவியை விட்டுவிடுங்கள். ஆளை உள்ளே அழைத்து யன்னலைச் சாத்தி, அவருடைய இன்ஹேலரைக் கொடுங்கள். குறையாவிட்டால் 1990 அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். காரணத்தைப் பிறகு தேடலாம்.

இந்த முறைப்பாடு மூன்று தடவைக்கு மேல் வந்தால் வெளி ஆட்களைக் கூப்பிடும் கட்டம் அது. பத்தரமுல்லையில் உள்ள மத்திய சுற்றாடல் அதிகார சபைக்குத் திகதி, நேரம், காற்றுத் திசை, நிமிட அளவீடு நான்கையும் சேர்த்து எழுத்தில் கொடுங்கள். 'அடிக்கடி நாறுது' என்று மட்டும் எழுதினால் அவர்களால் எதையும் தேடிப் பார்க்க முடியாது.

## அறிகுறி 6: பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கருவி, இரண்டு எண்

ஒன்றை மற்றதால் வகுத்துப் பாருங்கள். விடை 2.6ஐச் சுற்றி வந்தால் ஒன்று பிபிபியில், மற்றது மைக்ரோகிராமில். எத்தனையோ சண்டைகள் இந்த ஒரு வகுத்தலில் முடிந்திருக்கின்றன. ஆயிரம் மடங்கு என்றால் பிபிஎம்மையும் (ppm, பத்து இலட்சத்தில் ஒரு பங்கு) பிபிபியையும் குழப்பியிருக்கிறார்கள்.

விகிதம் நிலையாக இல்லாமல் அலைந்தால், சிறு பெட்டியைப் பெரிய கருவியின் காற்று வாய்க்குப் பக்கத்தில் இரண்டு வாரம் வையுங்கள். பகலில் மட்டும் விலகினால் வெயில் சூடு, பெட்டிக்கு நிழல் கொடுங்கள். நாள் முழுக்க ஒரே அளவு விலகினால் பூச்சியத்தைத் திருத்தலாம். இரண்டுமில்லாமல் கண்டபடி ஆடினால் அந்த செல் முடிந்தது. பெரிய கருவி கையில் இல்லாதவர்கள், காற்றுத் தரத்தை அளந்து பழகிய தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் போன்ற இடத்தில் கேட்டுப் பாருங்கள்.

கண்ணாடிக் குப்பிபோல் தொங்கவிடும் மாதிரிக் குழாய்களோடு ஒப்பிடுபவர்களுக்கு: அவை இரண்டு வாரம் அல்லது ஒரு மாதத்துக்கு ஒரு சராசரிதான் தரும். எந்தத் தெரு மோசம் என்று கண்டுபிடிக்க நல்லவை, எந்த நேரம் மோசம் என்று கேட்டால் பதில் வராது.

## அறிகுறி 7: நேரம் பொருந்தவில்லை

காலை நெரிசலின் ஏற்றம் இரவு இரண்டு மணிக்குத் தெரிகிறதா? கருவி உலக நேரத்தில் ஓடுகிறது, ஐந்தரை மணிநேரம் கூட்டுங்கள். சரியாக அரை மணிநேரம் பிசகினால் பழைய கம்பியூட்டர் ஒன்று நடுவில் இருக்கிறது என்று அர்த்தம். 1996இல் நம் நாட்டு நேரத்தை முன்னுக்குத் தள்ளினார்கள், 2006 ஏப்ரலில்தான் மறுபடி ஐந்தரைக்கு வந்தது. பழைய அமைப்பு இன்னும் ஆறு மணிநேரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும்.

## அறிகுறி 8: மின்வெட்டுக்குப் பிறகு எண்கள் தாறுமாறு

2022இல் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணிநேரம் வரை கரண்ட் போன காலத்தில் இதைத் தினமும் பார்த்தேன். கரண்ட் வந்ததும் பெரிய கருவிக்கு விளக்கும் வெப்பமும் நிலைகொள்ள ஒரு மணிநேரம் கொடுங்கள். சிறு பெட்டியின் செல் மின்சாரம் இல்லாமல் கிடந்திருந்தால் பல மணிநேரம் எடுக்கும். அந்த நேரத்து எண்களை எடுத்துக்கொள்ளாதீர்கள். அதற்கு மேலும் அடங்காவிட்டால் மின்னழுத்தம் ஏறி வந்து கருவிக்குள் உள்ள மின்சுற்றுப் பலகையைத் தாக்கியிருக்கலாம். யூபிஎஸ்ஸைச் சோதித்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள், நீங்களே பியூஸ் மாற்றி மாற்றிப் பார்க்க வேண்டாம்.

அளவீடு இல்லாத மணிநேரங்களைக் கணக்குத் தாளில் வெறுமையாக விடுங்கள், 0 என்று நிரப்பாதீர்கள். 24 மணியில் 18 மணிநேரத்துக்காவது நல்ல அளவீடு இருந்தால் அந்த நாளின் சராசரியை அறிவிப்புப் பலகையில் போடுங்கள். அதற்குக் குறைந்தால் 'இன்று அளக்கவில்லை' என்று எழுதி ஒட்டுங்கள்.